சாயம் எங்கே போனது? கரியை வைத்துத் தண்ணீரின் நிறத்தை எடுக்கும் முறை

“அக்கா, தொண்ணூத்தெட்டு பர்சென்ட் போயிடுச்சு!” என்று ஒரு மாணவி பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மெத்திலீன் நீலக் கரைசலில் கரித்தூளைப் போட்டு, கலக்கி, வடிகட்டியிருக்கிறாள். பீக்கரில் கண்ணாடி போலத் தண்ணீர். வடிகட்டிய தாளை எங்கே போட்டாய் என்று கேட்டேன். குப்பைத்தொட்டியைக் காட்டினாள். எடுத்து விரித்துப் பார்த்தால், கரி படிந்த நடுப்பகுதியைச் சுற்றித் தாள் முழுக்க நல்ல ஊதா கலந்த நீலம். கரியே போடாமல், லிட்டருக்கு 10 மில்லிகிராம் செறிவுள்ள அதே சாயத்தில் 50 மில்லிலிட்டரை அதே மாதிரித் தாளில் வடிகட்டச் சொன்னேன். பாதிக்கு மேல் நிறம் போய்விட்டது. கரி வாங்கிய பெயரில் பெரும்பங்கு தாளுக்குச் சேர வேண்டியது.

வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக 22 வருடங்கள் ஆகிவிட்டன. கரியும் சாயமும் எல்லா வருடமும் யாராவது ஒருவர் எடுக்கும் புராஜெக்ட். செலவு குறைவு, கண்ணுக்குத் தெரியும், தோற்கவே தோற்காது. தோற்காது என்பதுதான் அதில் எனக்குள்ள பயம். தண்ணீர் தெளிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். சாயம் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எங்கே மாறியது என்று மில்லிகிராம் கணக்கில் சொல்லத் தெரிந்தால்தான் சோதனை செய்ததாகப் பொருள். அந்தக் கணக்கை எப்படி வைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கரி என்ன செய்கிறது

கரி சாயத்தைப் பஞ்சு மாதிரி உள்ளே குடிப்பதில்லை. அதன் பரப்பில் சாய மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. பாடப்புத்தகத்தில் இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். கரைசலின் நிறத்தைக் கரி எடுக்கும் என்பதை 1785-இல் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் டார்ட்டாரிக் அமிலத்தோடு மல்லுக்கட்டும்போது கவனித்தார். சர்க்கரை ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. கரியை நீராவியாலும் உப்புகளாலும் தூண்டி நுண்துளைகளைப் பெருக்கும் முறைக்கு ஓஸ்ட்ரெய்கோ காப்புரிமை எடுத்தது 1900-ஐ ஒட்டிய வருடங்களில். இன்று ஆக்டிவேட்டட் கார்பன் என்று நாம் வாங்குவதற்கு அதுதான் மூலம்.

நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமில் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும். ஏறத்தாழ நான்கு டென்னிஸ் ஆடுகளங்கள், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான தூளுக்குள். ஆனால் அந்தப் பரப்பெல்லாம் துளைகளுக்குள் இருக்கிறது, துளைக்குள் நுழைய முடிந்தவனுக்குத்தான் இடம். 2 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், அதற்கு மேல் பெருந்துளைகள். மெத்திலீன் நீல மூலக்கூறின் நீளமே ஒன்றரை நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காங்கோ சிவப்பு என்ற சாயத்தின் மூலக்கூறு அதைவிடப் பெரியது. ஆகவே கடையில் “அயோடின் எண் 1000” என்று போட்டிருந்தால் அது அயோடின் மாதிரிச் சின்ன மூலக்கூறுகளுக்கான இடத்தைச் சொல்கிறது. பெரிய சாயத்துக்கு அந்த எண்ணை நம்பிக் கரி வாங்காதீர்கள். மெத்திலீன் நீல எண்ணும் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள், அதுகூட ஒரு குறிப்புதான்.

எந்தக் கரி

முதல் தடவை செய்பவர்கள் ஆய்வகத் தரத் தூள் கரியை ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகக் கரி செய்யப்போகிறவர்களும் வாங்குங்கள். உங்கள் கரியை எதோடாவது ஒப்பிட வேண்டுமே.

கிராஃபீன் ஆக்சைடு, கார்பன் நானோகுழாய் என்று கேட்டு வருபவர்களும் உண்டு. கிராஃபீன் ஆக்சைடு மெத்திலீன் நீலத்தை அபாரமாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. பிடித்த பிறகு அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவ்வளவு மெல்லிய தகடுகள், சாதாரணத் தாளில் நிற்காது. அதைத் தயாரிக்கும் ஹம்மர்ஸ் முறையில் அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேருகின்றன. சூடு கைமீறினால் வெடிக்கும். மேற்பார்வை இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். நானோ என்ற சொல்லுக்காக மட்டும் ஒரு பொருளை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கொட்டாங்குச்சியிலிருந்து செய்வது

மரத்தூள், உமி, பழக்கொட்டை எதுவும் ஆகும். கொட்டாங்குச்சி கெட்டியானது, சாம்பல் குறைவு, அதனால் தவறு நேரும் வாய்ப்பும் குறைவு. நாரைச் சுரண்டி, கழுவி, 110 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு உலர்த்தி, இடித்து, 1 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள்.

20 கிராம் தூளுக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 21 மில்லிலிட்டர் எடுத்தால், எடைக்கணக்கில் தூளைப் போல ஒன்றரை மடங்கு அமிலம் இருக்கும். அதை 40 மில்லிலிட்டர் தண்ணீரில் மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தூளை அதில் ஒரு நாள் ஊறவிட்டு, 110 டிகிரியில் ஈரம் போக உலர்த்துங்கள். உலர்ந்த பிறகும் கறுத்துப் பிசுபிசுவென்றுதான் இருக்கும், அது சரிதான்.

பிறகு மூடியுள்ள பீங்கான் மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) வைத்து, மஃபிள் உலை என்ற மின் உலையில் 450 முதல் 500 டிகிரியில் ஒரு மணி நேரம். மூசையை விளிம்புவரை நிரப்பாதீர்கள், பொங்கும். காற்று தாராளமாக உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும். உலை புகைபோக்கிக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். உலை ஆறிய பிறகு திறங்கள். சூட்டோடு திறந்ததில் என் கண்முன்னே ஒரு மூசை நிறைய கரி கனன்று போனது.

இதற்கு மேல்தான் எல்லோரும் அவசரப்படும் கட்டம்: கழுவுதல். துளைகளுக்குள் அமிலம் இன்னும் இருக்கிறது. வெந்நீர் விட்டுக் கலக்கி வடிக்க வேண்டும். வடிந்த நீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 6-ஐத் தாண்டும்வரை விடக்கூடாது. இரண்டு லிட்டர் வெந்நீராவது பிடிக்கும். சரியாகக் கழுவாத கரியைச் சாயத்தில் போட்டால் கரைசலின் பிஎச் இறங்கும். பிஎச் இறங்கினால் சில சாயங்களின் நிறமே மாறும். அதைக் கரியின் சாதனையாக எழுதிவைப்போம். அமிலமே போடாமல் சும்மா சுட்ட கரியில் இதற்கு நேர்மாறு. அதிலிருக்கும் சாம்பல் காரத்தன்மை கொண்டது, பிஎச்சை ஏற்றிவிடும்.

கழுவி முடித்ததை 110 டிகிரியில் உலர்த்தி, அரைத்து, 75 முதல் 150 மைக்ரான் சல்லடைகளுக்கு நடுவே நிற்கும் பகுதியை மட்டும் இறுக மூடிய புட்டியில் வையுங்கள். கரி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். எடை போடும் முன் ஒவ்வொரு தடவையும் மறுபடி உலர்த்த வேண்டும். பத்து சதவீதம் ஈரம் இருந்தால் உங்கள் கணக்கிலும் பத்து சதவீதப் பொய் இருக்கும்.

உலை இல்லாதவர்கள் மூடியில் சிறு துளை போட்ட தகர டப்பாவில் கொட்டாங்குச்சியை வைத்து வெளியே, திறந்தவெளியில் சுடலாம். வீட்டுக்குள் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அப்படிக் கிடைப்பது வெறும் கரி. வேலை செய்யும், ஆனால் மெதுவாக, குறைவாக. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுவும் நல்ல விஷயம்தான்.

சாயக் கரைசல்

மெத்திலீன் நீலத்தில் தொடங்குவது நல்லது. அளக்க எளிது, கரியோடு நன்றாகச் சேரும். ஆனால் அது சிக்கலான பிராணி. புட்டியில் இருப்பது பெரும்பாலும் நீரேறிய உப்பு. நீரற்ற மூலக்கூறு எடை சுமார் 319.9, மூன்று நீர் சேர்ந்தால் சுமார் 373.9. லேபிளைப் பார்த்துத் திருத்தம் செய்யாவிட்டால் தொடக்கச் செறிவே ஏறத்தாழ 15 சதவீதம் தவறு. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் மூலக்கரைசல் செய்து, புட்டியைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டி இருட்டில் வையுங்கள். வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கும். கையுறை போடுங்கள், நகக்கண்ணில் ஏறினால் ஒரு வாரம் ஊர் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இந்தச் சாயத்துக்கு நேர்மின்னேற்றம். கண்ணாடிப் பரப்புக்கும் காகிதத்தின் செல்லுலோஸுக்கும் தண்ணீரில் எதிர்மின்னேற்றம். ஆகவே இரண்டிலும் ஒட்டும். முதல் பத்தியின் நீலத் தாளுக்குக் காரணம் இதுதான். பிப்பெட், குடுவை, அளவுக்குப்பி எல்லாவற்றையும் அதே கரைசலால் ஒருமுறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். கறைபட்ட குப்பியை எத்தனால் விட்டுத் துடைத்தால் போகும்.

அளக்கும் விதம்

நிறமாலைமானியை (குறிப்பிட்ட நிற ஒளியைக் கரைசல் எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் கருவி) 664 நானோமீட்டரில் வையுங்கள். லிட்டருக்கு 0.5, 1, 2, 3, 4, 5 மில்லிகிராம் என்று செறிவு தெரிந்த தரக் கரைசல்கள் செய்து, செறிவுக்கு எதிராகக் கோடு வரையுங்கள். 5 மில்லிகிராமிலேயே உட்கவர் அளவு (கருவி காட்டும், விழுங்கிய ஒளிக்கான எண்) 1-ஐத் தாண்டும். அதற்கு மேல் கோடு வளையத் தொடங்கும். காரணம், செறிவு ஏற ஏற மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்கின்றன. ஜோடியின் நிறமாலை 610 நானோமீட்டர் பக்கம் நகர்ந்துவிடும். 50 மில்லிகிராம் கரைசலை அப்படியே கருவியில் வைத்து அளப்பது பயனில்லாத வேலை. 20 மடங்கு நீர்த்து அளந்து, பெருக்குங்கள்.

கருவி இல்லையா? கைபேசி போதும், கொஞ்சம் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். ஒரே மாதிரியான கண்ணாடிக் குப்பிகள், பின்னால் வெள்ளைத் தாள், ஒரே விளக்கு, கேமராவின் வெளிச்ச அளவைப் பூட்டிவைத்தல். தரக் கரைசல்களையும் தெரியாத கரைசலையும் ஒரே படத்தில் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. படத்தில் சிவப்பு மதிப்பைப் படியுங்கள். நீலச் சாயம் சிவப்பு ஒளியைத்தான் விழுங்குகிறது. நீல மதிப்பைப் படித்துக்கொண்டு “மாறவே இல்லையே” என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் தண்ணீரின் சிவப்பு மதிப்பைச் சாயத்தின் சிவப்பு மதிப்பால் வகுத்து மடக்கை எடுத்தால் உட்கவர் அளவுக்கு இணையான ஓர் எண் கிடைக்கும். கேமரா வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துத்தான் பதிகிறது. ஆகவே இந்த எண்ணை நேராக நம்பாமல், தரக் கரைசல்களை வைத்து வரைந்த கோட்டில் வைத்தே படிக்க வேண்டும்.

கரியைப் போடுவது

100 மில்லிலிட்டர் கரைசல், லிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவு, 0.05 கிராம் கரி. கூம்புக்குடுவையில் போட்டு நிமிடத்துக்கு 150 சுற்றில் குலுக்குங்கள். 5, 10, 20, 40, 60, 120, 240 நிமிடம், அப்புறம் 24 மணி நேரம். ஒரே குடுவையிலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்தால் கரைசலும் கரியும் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குடுவை வையுங்கள். சோம்பேறித்தனத்துக்கு இதில் இடமில்லை.

இவற்றோடு இன்னும் இரண்டு குடுவைகள். ஒன்றில் கரியில்லாமல் சாயம் மட்டும். இன்னொன்றில் சாயமில்லாமல் கரியும் தண்ணீரும். முதலாவது, கண்ணாடியும் வெளிச்சமும் எவ்வளவு எடுத்தன என்று சொல்லும். இரண்டாவது, கரியிலிருந்து கசியும் நுண்தூள் கருவியில் எவ்வளவு காட்டுகிறது, பிஎச்சை எவ்வளவு மாற்றுகிறது என்று சொல்லும். இந்த இரண்டும் இல்லாத நோட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பிரிப்பதற்குத் தாளை விட்டுவிட்டு, வேகமாகச் சுழற்றிக் கரியைப் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் ஓர் இரவு அப்படியே படியவிட்டு மேல்நீரைப் பிப்பெட்டால் எடுக்கலாம். நேரம் குறித்த சோதனைக்கு மட்டும் இது ஒத்துவராது. தாள்தான் கதி என்றால் முதலில் வடியும் 20 மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு, பிறகு வருவதை அளங்கள். கரியில்லாத குடுவையையும் அதே தாளில் அதே விதமாக வடிகட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரி மிதக்கிறதா? துளைக்குள் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் முழுகும். அந்தத் தண்ணீரையும் மொத்தக் கனஅளவில் சேர்க்க மறக்காதீர்கள்.

சதவீதம் என்னும் மாயை

கணக்கு எளிது. தொடக்கச் செறிவிலிருந்து மீதிச் செறிவைக் கழித்து, லிட்டரில் கனஅளவால் பெருக்கி, கிராமில் கரியின் எடையால் வகுத்தால், ஒரு கிராம் கரி பிடித்த மில்லிகிராம் வந்துவிடும்.

இதை விட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள கரைசல் 100 மில்லிலிட்டர் என்றால் மொத்தச் சாயம் 5 மில்லிகிராம். ஒருவர் ஒரு கிராம் கரியைக் கொட்டி 99 சதவீதம் எடுக்கிறார். கிராமுக்கு 4.95 மில்லிகிராம். இன்னொருவர் 0.02 கிராம் போட்டு 60 சதவீதம் எடுக்கிறார். கிராமுக்கு 150 மில்லிகிராம்! கைதட்டல் முன்னவருக்கு. முன்னவரின் கரி மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதன் கொள்ளளவு என்ன என்பதை அந்தச் சோதனை சொல்லவே இல்லை, அவ்வளவுதான். நூறு பேர் உட்காரும் அரங்கில் ஐந்து பேரை உட்காரவைத்துவிட்டு எல்லோருக்கும் இடம் கிடைத்தது என்பதைப் போல.

கொள்ளளவைத் தெரிந்துகொள்ள, கரியின் எடையை 0.05 கிராமிலேயே வைத்துக்கொண்டு சாயத்தின் செறிவை 50, 100, 150, 200, 300 என்று ஏற்றுங்கள். 24 மணி நேரம் குலுக்கி, மீதியை அளங்கள். மீதிச் செறிவைக் கிராமுக்கான பிடிப்பால் வகுத்து வரும் எண்ணை, மீதிச் செறிவுக்கு எதிராக வரைந்தால், பரப்பில் ஒரே அடுக்காக ஒட்டுவதற்குச் சமன்பாடு தந்த லாங்மியூர் சொன்ன மாதிரி நேர்கோடு வரலாம். சாய்வைத் தலைகீழாக்கினால் உச்சக் கொள்ளளவு. சாய்வு 0.004 என்றால் கிராமுக்கு 250 மில்லிகிராம். கோடு சரியாக விழவில்லையென்றால் பிடிப்பையும் மீதிச் செறிவையும் இரு அச்சிலும் மடக்கை எடுத்து, ஃபிராய்ண்ட்லிச் என்பவரின் முறையில் பாருங்கள். உங்கள் செறிவுகள் வளைவின் தட்டையான பகுதிவரை போயிருக்க வேண்டும். எல்லாக் குடுவையிலும் சாயம் தீர்ந்துபோயிருந்தால் அங்கிருந்து உச்சத்தைக் கணக்கிடுவது ஜோசியம்.

நேரத்துக்கான வரைபடத்தில் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. போலி இரண்டாம் வகை என்ற, பிடிப்பின் வேகத்தைச் சொல்லும் சமன்பாட்டுக்காக, நேரத்தைப் பிடிப்பால் வகுத்து நேரத்துக்கு எதிராக வரைவார்கள். ஒத்திசைவு (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்ற எண்) 0.999 வரும். உடனே “ஆகவே வேதிப் பிணைப்பு ஏற்பட்டது” என்று எழுதிவிடுவார்கள். இரண்டு அச்சிலும் நேரம் இருக்கிறது. பிடிப்பு ஓரளவு நிலைத்த பிறகு எதை வரைந்தாலும் அது நேர்கோடாகத்தான் வரும். அந்த எண்ணிலிருந்து பிணைப்பின் வகையைச் சொல்ல முடியாது.

பிஎச்சும் மின்னேற்றமும்

கரியின் பரப்புக்கும் மின்னேற்றம் உண்டு, அது பிஎச்சைப் பொறுத்து மாறும். எந்தப் பிஎச்சில் கூட்டிக் கழித்துச் சுழியாகிறதோ அதற்கு மேலே கரி எதிர்மின்னேற்றம் பெறும், மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின்னேற்றச் சாயங்களை இழுக்கும். கீழே நேர்மின்னேற்றம், மெத்தில் ஆரஞ்சு, காங்கோ சிவப்பு மாதிரியான எதிர்மின்னேற்றச் சாயங்களுக்கு வசதி. பாஸ்பாரிக் அமிலத்தில் செய்த கரிக்கு இந்தச் சுழிப்புள்ளி தாழ்ந்திருக்கும், அதிகச் சூட்டில் நீராவியால் தூண்டிய கரிக்குப் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். ஆகவே ஒரு கரி ஒரு சாயத்தில் ஜெயித்ததை வைத்து இன்னொன்றிலும் ஜெயிக்கும் என்று எண்ண வேண்டாம். மின்னேற்றம் மட்டுமே எல்லாம் என்றும் நினைக்கக்கூடாது. சாயங்களின் தட்டையான வளையங்கள் கரியின் தகடுகள்மேல் படிந்துகொள்வதும் உண்டு. அதனால்தான் ஒரே மின்னேற்றம் இருந்தும் சில சாயங்கள் ஒட்டுகின்றன.

சுழிப்புள்ளியைக் கண்டுபிடிக்கச் செலவில்லை. 50 மில்லிலிட்டர் 0.1 மோலார் உப்புக் கரைசலை ஆறேழு புட்டிகளில் எடுத்து, பிஎச்சை 2 முதல் 11 வரை வெவ்வேறாக வைத்து, ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கரி போட்டு மூடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிஎச்சை மறுபடி அளங்கள். தொடக்கமும் முடிவும் சமமாக இருக்கும் இடம்தான் அது.

சாயத்தைப் பிஎச் மாற்றிச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மெத்தில் ஆரஞ்சு பிஎச் 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். காங்கோ சிவப்பு அமிலத்தில் நீலமாகிவிடும். 497 நானோமீட்டரில் அளந்துகொண்டிருந்தால் நிறம் “போய்விட்டது” போலத் தெரியும், ஒரு மூலக்கூறுகூட எங்கும் போகாமலேயே. எல்லா மாதிரிகளையும் ஒரே பிஎச்சுக்குக் கொண்டுவந்த பிறகு அளங்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்றும் இருக்கிறது. விடுமுறைக்கு முன் யாரோ மூடிவைத்துப்போன குடுவைகள், பத்து நாள் கழித்துப் பார்த்தால் கரியில்லாத குடுவையும் நிறமின்றி இருந்தது. புதுச் சாதனை என்று நினைத்தார்கள். நான் மூடியைத் திறந்து நன்றாகக் குலுக்கினேன், நீலம் திரும்பி வந்துவிட்டது. உள்ளே வளர்ந்த கிருமிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, சாயத்தை ஒடுக்கி நிறமில்லாத வடிவத்துக்கு மாற்றியிருந்தன. காற்றுப் பட்டதும் பழையபடி நீலம். அன்றிலிருந்து, தெளிந்த எந்தக் கரைசலையும் ஒருமுறை காற்றில் குலுக்கிவிட்டுத்தான் நம்புவது.

குழாயில் கரி

குடுவை வேலை கைவந்த பிறகு குழாய்ப் படுகைக்கு வாருங்கள். தூள் கரி இதற்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். குருணைக் கரி வேண்டும், குருணையின் அளவு குழாய் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. இல்லாவிட்டால் தண்ணீர் சுவரோரமாக வழுக்கிக்கொண்டு போய்விடும். 2.5 சென்டிமீட்டர் விட்டம், 10 சென்டிமீட்டர் உயரப் படுகை என்றால் கனஅளவு 49 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டர் விட்டால் தண்ணீருக்கு அங்கே பத்து நிமிட வாசம். மேலும் கீழும் கண்ணாடிப் பஞ்சு வையுங்கள். கரியைக் கொதித்த தண்ணீரோடு குழம்பாக ஊற்றினால்தான் காற்றுக் குமிழ் தங்காது. கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுத் தூசைக் கழுவிவிட்டு, அப்புறம் சாயம்.

வெளியே வருவது முதலில் தெளிவாக இருக்கும், பிறகு மெல்ல நீலம் எட்டிப்பார்க்கும். உள்ளே விட்ட செறிவில் 5 சதவீதம் வெளியே வரும் கணத்தை எழுதிவையுங்கள். படுகையின் பயனுள்ள ஆயுள் அதுதான். குடுவையில் கிடைத்த கொள்ளளவில் ஒரு பகுதிதான் இங்கே கிடைக்கும். குருணையின் நடுவரை சாயம் நகர்ந்து போக நேரம் பிடிக்கிறது.

பெரிய தொட்டியில் செய்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம், ஆனால் உயிர் போகிற விஷயம். ஈரமான ஆக்டிவேட்டட் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மூடிய தொட்டிக்குள் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. காற்றை அளக்காமல், வெளியே ஆள் நிற்காமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது.

உண்மையான சாயக்கழிவு

தூய மெத்திலீன் நீலத்தில் கிடைத்த எண்ணைச் சாயப்பட்டறைக் கழிவுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே துணியோடு வினைபுரிந்து பிடிக்கும், பருத்திக்கான ரியாக்டிவ் சாயங்கள் இருக்கும், அவற்றுக்கு எதிர்மின்னேற்றம். துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணானவைதான் கழிவில் வருகின்றன. கூடவே ஏராளமான உப்பு, சோடா, கஞ்சிப்பசை, சோப்பு வகைகள். இந்தக் கரிமப் பொருட்களும் அதே துளைகளுக்குப் போட்டியிடும். உப்பைக் கரி தொடவே தொடாது, தண்ணீர் எவ்வளவு தெளிந்தாலும் உப்பு அப்படியே இருக்கும். பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயங்கள் தண்ணீரில் கரைவதில்லை, நுண்துகளாக மிதக்கின்றன. அவற்றைப் படிகாரம் மாதிரியான திரட்டியால் முதலில் படியவைத்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் கரியைப் பயன்படுத்துவதே நல்லது. நிறத்தோடு நிற்காமல் வேதி ஆக்சிஜன் தேவையையும் (நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் அளவு) அளங்கள்.

கணக்கை முடிப்பது

கடைசியில் உங்களிடம் ஒரு கறுப்புச் சேறு மிஞ்சும். அதற்குள் சாயம் முழுசாக இருக்கிறது. கொஞ்சம் எடுத்து, சிறிது அமிலம் சேர்த்த எத்தனாலில் குலுக்கிப் பாருங்கள், நீலம் வெளியே வரும். முழுதாக வராது, நுண்துளைக்குள் போனது எளிதில் திரும்பாது. திரும்பி வந்தது, கரியில் தங்கியது, தாளிலும் கண்ணாடியிலும் போனது, தண்ணீரில் மீதி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். கரியில் தங்கியதை மட்டும் நேரில் அளக்க முடியாது, கழித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற மூன்றும் அளந்த எண்களாக இருக்கட்டும்.

பெரிய ஆலைகள் பயன்படுத்திய குருணைக் கரியை 700 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் புதுப்பிக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் 5 முதல் 10 சதவீதம் கரி தேய்ந்துபோகும். ஆய்வக அளவில் அதற்கு முயல வேண்டாம். கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், செடிக்கு உரமாகப் போடாதீர்கள். “கரிதானே” என்று போட்டவரை நான் அறிவேன், மழை பெய்ததும் பூந்தொட்டியடியில் நீலம். வடித்து, உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வேதிக்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். டப்பாவின் மேல் தேதி, கரியின் எடை, சாயத்தின் பெயர், உள்ளே எத்தனை மில்லிகிராம் என்று எழுதி ஒட்டுங்கள். அந்தக் கடைசி எண்ணை எழுதமுடியாமல் பேனாவோடு நின்றால், மறுபடி கரியில்லாத குடுவையிலிருந்து தொடங்குங்கள்.